சிலாப்பில் வெடிப்பு, தொய்வு, ஒழுக்கு: எதைக் கண்டால் எங்கே தேடுவது

பின்னேரம் ஆறு மணிக்கு மேல் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "தம்பி, சிலாப் வெடிச்சிற்று. வீட்ட இருக்கலாமா, எழும்பணுமா?" மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஊர் மாறும், கேள்வி மாறாது. நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்வி. வெடிப்பு சிலாப்பின், அதாவது கொங்கிறீட் தளத்தின், மேலேயா, கீழேயா? எந்தத் திசையில் ஓடுகிறது? எப்போது வந்தது? மூன்றுக்கும் ஒழுங்கான பதில் கிடைத்தால் வீட்டுக்குப் போகும் முன்னரே காரணம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் கம்பி குறைந்து கெட்ட சிலாப்பை நான் கண்டது குறைவு. கம்பியைத் தாராளமாகப் போட்டு, ஆனால் இருக்க வேண்டிய உயரத்தில் வைக்காமல் கெட்டதைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். கீழே வரும் கணக்குகள் பீ.எஸ். 8110 என்ற பிரித்தானியக் கொங்கிறீட் விதிநூல் முறைப்படி போட்டவை. இங்கே பல பொறியியலாளர்கள் படித்து வளர்ந்தது அதில்தான். ஐரோப்பிய விதிநூலான யூரோகோட் 2 வைத்துப் போட்டாலும் சாதாரண வீட்டுச் சிலாப்புக்கு முடிவு பெரிதாக மாறாது.

தொடங்கும் முன்

அளவு நாடா, டோர்ச், பென்சில், சிறிய சுத்தியல், தண்ணீர் விட்ட லெவல் குழாய். இவ்வளவும் போதும்.

முதல் வேலை பூச்சைக் கொத்திப் பார்ப்பது. வெடிப்பின் மேல் ஒரு உள்ளங்கை அளவுக்குப் பூச்சை அகற்றுங்கள். உள்ளே கொங்கிறீட்டில் வெடிப்பு இல்லை என்றால் அது பூச்சு வேலையின் பிழை. சுத்தியலால் தட்ட வெறும் சட்டி போல் சத்தம் வரும் இடத்தைக் கொத்திவிட்டுத் திரும்பப் பூசினால் சரி. இதோடு முடிந்த வீடுகள் கனக்க உண்டு.

கொங்கிறீட்டிலும் வெடிப்பு இருந்தால் அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்கே கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். இரண்டு கிழமை கழித்துப் பாருங்கள், கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று. அகலத்துக்கு என் அளவுகோல் ஏ.ரி.எம். அட்டைதான். அதன் தடிப்பு 0.76 மி.மீ. வடிவமைப்பில் நாங்கள் அனுமதிக்கும் வெடிப்பு 0.3 மி.மீ. அட்டையின் விளிம்பு உள்ளே போகிறது என்றால் அதை மயிரிழை வெடிப்பு என்று சொல்லிச் சமாளிக்க முடியாது.

கொங்கிறீட் போட்ட அன்றோ மறுநாளோ வந்த வெடிப்பு

மேல்பக்கத்தில் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, பெரும்பாலும் சாய்வாக, ஓரடி இரண்டடி இடைவெளியில் குட்டிக் குட்டியாக ஓடும். சிலாப்பின் விளிம்பு வரை போகாது. மே முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் காலை பத்து மணிக்குத் தொடங்கிய வேலை என்றால் அநேகமாக இதுதான். ஈரக் கொங்கிறீட்டில் கீழிருந்து ஊறி மேலே வரும் தண்ணீரை விட வேகமாகக் காற்று மேல்தண்ணீரைக் குடித்துவிடுகிறது. தோல் சுருங்குகிறது, உள்ளே இன்னும் கூழாக இருக்கிறது, கிழிகிறது.

இறுகும் முன் கண்டால் மரப்பலகையால் அழுத்தித் தேய்த்தால் மூடிவிடும். இறுகிய பின் கண்டால் சுத்தம் செய்து, சீமெந்துப் பாலைத் தூரிகையால் உள்ளே தள்ளி, ஈரம் காயாமல் பாருங்கள். மொட்டை மாடி என்றால் நீர்காப்புப் பூச்சைத் தவற விடாதீர்கள். பலம் குறைந்துவிட்டது என்று பயப்படத் தேவையில்லை.

அடுத்த முறை விடியற்காலையில் தொடங்குங்கள். கொங்கிறீட்டைத் தாங்கும் பலகையை முதலே நனைத்துவிடுங்கள். தேய்த்து முடித்த பகுதியை உடனே பொலித்தீனால் மூடுங்கள். மறுநாள் வயல் வரம்பு போல சின்னதாக வரம்பு கட்டித் தண்ணீர் தேக்கி, குறைந்தது ஏழு நாள் வைத்திருங்கள். காலையில் ஒருக்கா, மாலையில் ஒருக்கா ஹோசால் விசிறுவது தண்ணீர் வைப்பது ஆகாது. கச்சானில் அது அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும்.

வெடிப்பு சாய்வாக இல்லாமல் கம்பிக்கு நேர் மேலே, கம்பி வலையைப் படியெடுத்தது போலச் சதுரம் சதுரமாக வந்தால் காரணம் வேறு. கலவை தண்ணீர் கூடியது. இறுகும் முன் கொங்கிறீட் கீழே அமர்ந்திருக்கிறது, கம்பி அமராமல் அதைக் கிழித்திருக்கிறது. 50 கிலோ பைக்கு 25 லீற்றர் என்றால் தண்ணீர், சீமெந்து விகிதம் 0.5. "ஓடுதில்ல" என்று ஒரு ஐந்து லீற்றர் வாளியைக் கூட ஊற்றினால் 0.6. மாரியில் மணலே நனைந்து கிடக்கும். அந்தத் தண்ணீரையும் இந்த 25இல் கழிக்க வேண்டும்.

நடுவில் தொய்ந்திருக்கிறது, அல்லது கீழே நடுவில் வெடிப்பு

அதிகம் பயப்படுத்துவதும், அதிகம் பிழையாக விளங்கப்படுவதும் இதுதான். அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள்.

முதலில், உண்மையில் சிலாப் வளைந்ததா, அல்லது பலகை இறங்கிய நிலையில் கொங்கிறீட் போடப்பட்டதா? எங்கள் கரையோர மணலிலும், அம்பாறைப் பக்கம் மண் போட்டு நிரவிய வயல் காணியிலும் பலகையைத் தாங்கும் முட்டு இறங்குவது சாதாரணம். 125 மி.மீ. சிலாப்பின் ஈரக் கொங்கிறீட் சதுர மீற்றருக்கு 300 கிலோவுக்கு மேல் வரும். முட்டுக்குக் கீழே ஒரு துண்டுப் பலகை கூட வைக்கவில்லை என்றால் மணல் என்ன செய்யும்? லெவல் குழாயால் சிலாப்பின் அடியை நாலு மூலையிலும் நடுவிலும் அளந்து, மேல்பக்கத்தையும் அதேபோல் அளந்து பாருங்கள். மேலே மட்டம், கீழே தொய்வு என்றால் பலகை இறங்கியிருக்கிறது. மேசன் மேலே மட்டம் பிடித்துவிட்டார், அதனால் நடுவில் தடிப்புக் கூடி நிற்கிறது. கூடுதல் பாரம்தான், ஆனால் சிலாப் வளையவில்லை. வெடிப்பு இல்லை என்றால் குறித்து வைத்துக் கவனிப்பது போதும். மேலும் கீழும் ஒரே அளவில் தொய்ந்திருந்தால் சிலாப்தான் வளைந்திருக்கிறது. தொடர்ந்து படியுங்கள்.

அடுத்து, தடிப்பு. "அஞ்சு அங்குலச் சிலாப், பத்து மி.மீ. கம்பி" என்பது இங்கே வேதவாக்கு மாதிரி. அறை எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கணக்கைக் கிட்டப் பார்ப்போம். இரண்டு சுவரில் மட்டும் தாங்கும் சிலாப், இடைத்தூரம் 3.6 மீற்றர், அதாவது 12 அடி. தடிப்பு 125 மி.மீ. 20 மி.மீ. கவரும் (கம்பிக்கு வெளியே உள்ள கொங்கிறீட் தடிப்பு) 10 மி.மீ. கம்பியில் பாதியும் போக, மேல்முகத்தில் இருந்து கம்பியின் நடு வரை 100 மி.மீ. இதைத்தான் பயன்படு ஆழம் என்கிறோம். சொந்தப் பாரம், தளப் பூச்சு, டைல்ஸ், ஆட்கள், தளபாடம் எல்லாம் சேர்த்து, பாதுகாப்புக் காரணியும் போட்டுப் பார்த்தால் மீற்றர் அகலத்துக்கு ஏறக்குறைய 330 சதுர மி.மீ. கம்பி தேவை. 10 மி.மீ. கம்பியை 200 மி.மீ. இடைவெளியில் கட்டினால் 393 கிடைக்கிறது. பலத்துக்குப் போதும்.

தொய்வைப் பாருங்கள். இடைத்தூரத்தைப் பயன்படு ஆழத்தால் பிரித்தால் 36. இப்படி இரண்டு பக்கம் மட்டும் தாங்கும் சிலாப்புக்கு அடிப்படை வரம்பு 20, கம்பிக்கான சலுகையைச் சேர்த்தால் சுமார் 27. எங்கே 27, எங்கே 36! சரி, கம்பியை 125 மி.மீ. இடைவெளிக்கு நெருக்குவோம். சலுகை கூடி 34 வரை வருகிறது, இன்னும் காணாது. அறுபது சதவீதம் கம்பியைக் கூட்டியும் தேறவில்லை. இனி கம்பியைப் பழையபடி 200இல் விட்டு, தடிப்பை மட்டும் 150 ஆக்குங்கள். பயன்படு ஆழம் 125, விகிதம் 29 ஆக இறங்குகிறது, வரம்பு 33க்கு ஏறுகிறது. தேறிவிட்டது. ஓரங்குலம் கொங்கிறீட் செய்த வேலையை ஒரு கட்டுக் கம்பி செய்யவில்லை. வெடிக்காத கொங்கிறீட்டின் விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 125இல் இருந்து 150க்குப் போனாலே 1.7 மடங்கு.

அதேபோல் தொய்வு இடைத்தூரத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடும். வரைபடத்தில் 12 அடியாக இருந்த அறையை "ஹோல் சின்னனாப் போச்சு" என்று அத்திவாரம் வெட்டும்போது 13 அடி 2 அங்குலம் ஆக்கினால் இடைத்தூரம் பத்து சதவீதம்தான் கூடியது. தொய்வு 46 சதவீதம் கூடும்.

அப்புறம், கம்பியின் திசை. நாலு பக்கமும் தாங்கும் சிலாப்பில் பாரத்தின் பெரும் பகுதி குறுகிய பக்கமாகத்தான் ஓடும். 3 மீற்றருக்கு 4.5 மீற்றர் அறையில் நடுப்பட்டியின் பாரத்தைப் பங்கு போட்டால் குறுகிய திசைக்கு ஆறில் ஐந்து பங்கு வரும். ஆகவே குறுகிய திசைக் கம்பிதான் அடியில், பலகைக்குக் கிட்ட இருக்க வேண்டும். நீளத் திசைக் கம்பி அதன் மேல். இதை மாற்றிக் கட்டினால் முதன்மைக் கம்பியின் ஆழம் ஒரு கம்பித் தடிப்பு, 10 மி.மீ. குறையும். மெல்லிய சிலாப்பில் அது பத்தில் ஒரு பங்கு.

தொடக்க காலத்தில் நானே இதில் மாட்டியிருக்கிறேன். ஆரையம்பதியில் ஒரு வீடு. கம்பி கட்டும் அன்று மழை, நான் போகவில்லை. மறுநாள் போனபோது நீளக் கம்பிகள் அழகாக அடியில் கிடந்தன. நீளக் கம்பிக்குத்தான் பாரம் கூட என்று மூத்த மேசன் நினைத்திருந்தார். "நீளமான ஆளுக்குத்தானே தம்பி பெலன் கூட வேணும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு மெல்லிய பலகைத் துண்டை இரண்டு செங்கல்லில் நீளவாக்கில் வைத்து அழுத்தி, பிறகு செங்கல்லைக் கிட்டக் கொண்டுவந்து அழுத்திக் காட்டினேன். சிரித்துவிட்டுக் கட்டை அவிழ்க்கச் சொன்னார்.

கடைசியாக, யாராவது பிறகு எதையாவது மேலே வைத்தார்களா? பூசிய நாலரை அங்குலச் சுவர் பத்தடி உயரத்தில் ஒரு மீற்றர் நீளத்துக்கு முக்கால் தொன் வரும். அறையில் ஆட்களுக்கும் தளபாடத்துக்கும் நாங்கள் விட்ட கணக்கு சதுர மீற்றருக்கு 150 கிலோ. கீழே பீம் இல்லாத இடத்தில் மகளுக்கு ஒரு அறை பிரித்துச் சுவர் எழுப்பினால் வெடிப்பு அந்தச் சுவரின் நேர் கீழே, சுவர் ஓடும் திசையில் வரும். ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கியும் அப்படித்தான். அது ஒரு தொன். தாங்கியைச் சுவர் சந்திக்கும் மூலைக்கு மேல் நகர்த்துங்கள். சுவரை இடித்து இலேசான தட்டி போடுங்கள், அல்லது கீழே பீம் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

பலகையை ஐந்தாம் நாளே கழற்றிய சிலாப்பும் தொய்யும். இளம் கொங்கிறீட் பாரத்தில் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே இருக்கும். வாடகைப் பலகை என்று பறந்தால் பலகையை எடுத்தாலும் முட்டுகளை விட்டுவையுங்கள். 14 நாளுக்கு முன் முட்டில் கை வைக்க நான் விடுவதில்லை.

மேல்பக்கத்தில் பீமுக்கோ உள்சுவருக்கோ நேர் மேலே நீள வெடிப்பு

இரண்டு அறைக்கு மேலே ஒரே சிலாப் தொடர்ந்து ஓடினால் நடுச்சுவருக்கு மேல் அது முதுகு வளைக்கும். இழுவை அங்கே மேல்பக்கத்தில். அதற்குத்தான் மேல்கம்பி. வெடிப்பு அந்தச் சுவரின் கோட்டிலேயே ஓடுகிறது என்றால் மேல்கம்பி இல்லை, அல்லது இருந்ததை மிதித்துக் கீழே இறக்கிவிட்டார்கள். உள்ளே நாலு சுவரும் உறுதியாக இருந்தால் உடனடி ஆபத்து இல்லை. சிலாப் இரண்டு தனி அறைச் சிலாப் போல வேலை செய்யத் தொடங்கும், நடுவில் தொய்வு கூடும். டைல்ஸ் அந்தக் கோட்டில் திரும்பத் திரும்ப வெடிக்கும். டைல்ஸ்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பல்கனி, சன்செட் (ஜன்னல் மேல் வெயில் மறைப்பு), படிக்கட்டு மேடை: சுவரோரமாக மேலே வெடிப்பு

இதற்கு முதலில் ஆட்களை இறக்குங்கள். பூந்தொட்டியையும் எடுங்கள். விளிம்புக்குக் கீழே முட்டுக் கொடுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

கன்ரிலீவர் சிலாப் ஒரு பக்கத்தால் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மற்றச் சிலாப்பில் ஓரிடம் பலவீனப்பட்டால் பாரம் வேறு வழியால் போகப் பார்க்கும். இதற்கு வேறு வழி கிடையாது. இழுவை முழுக்க மேல்பக்கத்தில், சுவர் ஓரத்தில். அங்கே கம்பி மேலே இருக்கிறதா என்பதுதான் எல்லாம்.

125 மி.மீ. பல்கனி, 25 மி.மீ. கவர், 10 மி.மீ. கம்பி என்று வையுங்கள். கம்பியின் ஆழம் கீழ்முகத்தில் இருந்து 95 மி.மீ. கொங்கிறீட் போடும் நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பதினைந்து பேர், தாச்சி கைமாறிக்கொண்டே வரும், ஒருவர் வைபிறேற்றரை இழுப்பார், நடக்க இருக்கும் ஒரே வழி அந்தக் கம்பியின் மேல். செயார் (மேல்கம்பியை உயர்த்திப் பிடிக்கும் தாங்கி) வைக்காத கம்பி இரண்டு அங்குலம் இறங்கினால் ஆழம் 45. தாங்கும் திறன் பாதிக்கும் கீழே. பில்லில் கம்பி இருக்கும், படத்தில் கம்பி இருக்கும், எண்ணினால் கணக்கு சரியாக வரும். பல்கனி மட்டும் நிற்காது.

அதன் மேல் அரைச்சுவர். நாலடி நீட்டிய பல்கனியின் விளிம்பில் மூன்றடிச் செங்கல் சுவர் வைத்தால், சிலாப்பும் டைல்ஸும் ஆட்களும் சேர்ந்து வேரில், அதாவது சுவரோரத்தில், கொடுக்கும் திருப்பத்தோடு இன்னும் எழுபது சதவீதம் கூடும். பாரம் நுனியில் இருப்பதால் வரும் வினை. நுனிக்கு இரும்புக் கிராதி போதும்.

பார்க்க வேண்டியவை: சுவரோரத்தில் மேல் டைல்ஸை ஓரிடத்தில் கழற்றி, வெடிப்பு வேரில் சுவருக்குச் சமாந்தரமாக ஓடுகிறதா என்று பாருங்கள். கம்பி தேடும் கருவி உள்ளவர் இருந்தால் மேலிருந்து கம்பியின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அனுபவமுள்ள ஒருவர் ஒரு சின்னக் குழியைக் கொத்திப் பார்க்கலாம். கம்பி 30 மி.மீ.க்குள் கிடைக்க வேண்டும். 70இல் கிடைத்தால் பூசி மறைக்க வேண்டாம். விளிம்பில் தூணும் பீமும் கொடுப்பது, இல்லையேல் உடைத்துத் திரும்பப் போடுவது. அதற்கு இடையில் சமாளிக்கும் மருந்து எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிதாகப் போடுபவர்களுக்கு: மேல்கம்பி உள்ளறைச் சிலாப்புக்குள், பல்கனி வெளியே நீட்டிய அளவைப் போல ஒன்றரை மடங்கு போக வேண்டும். செயாரை இரண்டடிக்கு ஒன்றாவது வையுங்கள். நடப்பதற்குத் தனிப் பலகைப் பாதை போடுங்கள். பலகை கழற்றும்போது நுனியில் தொடங்கிச் சுவரை நோக்கி வாருங்கள். நடுவறைச் சிலாப்புக்கு நேர்மாறு, நடுவில் தொடங்கிச் சுவர்ப் பக்கம் போக வேண்டும்.

மூலையில் சாய்வு வெடிப்பு

அறையின் மூலையைக் குறுக்கே வெட்டியது போல 45 பாகையில் மேலே ஒரு வெடிப்பு வரும். பாரம் ஏறும்போது சிலாப்பின் மூலை மேலே எழும்பப் பார்க்கும், மேல்சுவர் அதை அமத்திப் பிடிக்கும். இதற்கு மூலையில் மேலும் கீழும் இரு திசையிலும் கம்பி வலை வேண்டும், குறுகிய பக்கத்தின் ஐந்தில் ஒரு பங்கு நீளத்துக்கு. எங்கள் வீடுகளில் இதைப் போடுவதே இல்லை. வெடிப்பு வளராமல் நின்றால் அடைத்துவிட்டு இருங்கள்.

படிக்கட்டுத் துவாரத்தின் மூலையில் இருந்து சாய்வாகக் கிளம்பும் வெடிப்பும் இதன் உறவுதான். துவாரத்தால் அறுபட்ட கம்பிகளுக்கு ஈடாகச் சுற்றிலும் கூடுதல் கம்பியும், மூலைக்கு மூலை ஒரு சாய்வுக் கம்பியும் போட்டிருந்தால் வராது.

ஃபானில் இருந்து சுவர் வரை நேர்கோடு

வயர்க் குழாய். கம்பிக்குக் கீழே பலகையோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள், அந்தக் கோட்டில் கொங்கிறீட் தடிப்பு இல்லை. குழாய் கீழ்க்கம்பிக்கு மேலே, சிலாப்பின் நடு ஆழத்தில் போக வேண்டும். ஒரே இடத்தில் நாலு குழாயைக் கட்டாகக் கட்டிக்கொண்டு போவதுதான் உண்மையான பிழை. ஒற்றைக் குழாய் வெடிப்பை அடைத்துப் பூசினால் போதும்.

கபிலக் கறை, பூச்சு உதிர்வு, வெளியே தெரியும் கறள் கம்பி

கடற்கரை வீதி வீடுகளில் இதுதான் பெரிய வியாதி. 2004 சுனாமிக்குப் பிறகு கல்லடி தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது வரை எழும்பிய கட்டடங்களுக்கு இப்போது வயது இருபதை ஒட்டுகிறது. அப்போது விட்ட பிழை இப்போது வெளியே வருகிறது.

இரும்பு கறளாகும்போது பழைய இடத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அது உள்ளிருந்து தள்ளுவதில் கொங்கிறீட் தகடு தகடாகக் கழன்று விழுகிறது. ஆகவே முதலில் கறை, பிறகு கம்பி ஓடும் கோட்டில் வெடிப்பு, பிறகு உதிர்வு. உங்கள் சிலாப் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்.

உப்பு எங்கிருந்து வந்தது? உள்ளே போட்டதா, வெளியே இருந்து வந்ததா? கம்பியுள்ள கொங்கிறீட்டில் சீமெந்து நிறையின் 0.4 சதவீதத்துக்கு மேல் குளோரைட்டு இருக்கக் கூடாது. 50 கிலோ பைக்கு 200 கிராம். கடல் தண்ணீரில் லீற்றருக்கு சுமார் 19 கிராம் குளோரைட்டு உண்டு. 25 லீற்றர் கடல் தண்ணீர் ஊற்றினால் 475 கிராம் ஆகிவிடும், வரம்பை விட இரண்டு மடங்குக்கு மேல். யாரும் கடல் தண்ணீரில் கொங்கிறீட் போடுவதில்லை, சரி. ஆனால் வாவிக்கரைக் கிணறு கோடையில் உவர்ப்பதும், கழுவாத கரை மணல் ஒரு லோட் மலிவாகக் கிடைப்பதும் உண்மை. வாயில் வைத்துக் கரிக்கும் தண்ணீரில் சீமெந்தைக் கலக்காதீர்கள். அந்த உப்பைப் பிறகு கழுவி எடுக்க வழியில்லை.

கறள் வீடு முழுக்கப் பரவலாக, உள்ளறையிலும் இருந்தால் உப்புக் கலவையிலேயே போயிருக்கிறது. கடல் பார்த்த பக்கத்தில் மட்டும் இருந்தால் காற்றில் வந்த உப்பு, காணாத கவர். உள்ளறைக்கு முக்கால் அங்குலக் கவர் போதும். கடலைப் பார்த்த வெளிச்சிலாப்புக்கு 40 மி.மீ. கேட்பேன், அதோடு நெருக்கமான நல்ல கலவையும். சீமெந்து, மணல், கல் 1:2:4 என்ற கலவை அங்கே எடுபடாது. கவருக்குக் கருங்கல் சல்லியைத் தள்ளி வைப்பது மோசமான பழக்கம். வைபிறேற்றர் பட்டால் கல் உருண்டு போய் கம்பி பலகையில் படுத்துவிடும். சீமெந்தில் வார்த்து, கட்டுக்கம்பி விட்ட கவர் புளொக்கை முதல் கிழமையே செய்து தண்ணீரில் போட்டு வையுங்கள்.

திருத்துவது இப்படி: சுத்தியலால் தட்டிக்கொண்டே போய் வெற்றுச் சத்தம் வரும் எல்லையைச் சோக்கால் குறியுங்கள். கீழே முட்டுக் கொடுத்து, அந்த எல்லை வரை உடையுங்கள். கம்பியின் பின்புறமும் விரல் போகும் அளவுக்குக் கொத்த வேண்டும். முன்பக்கத்தை மட்டும் கொத்திப் பூசினால் பின்னால் உள்ள கறள் அடுத்த மாரிக்கே தள்ளிவிடும். கம்பியைத் தேய்த்து வெள்ளையாக்குங்கள். விட்டத்தை அளந்து பாருங்கள். நன்றாக மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பியை அரை மீற்றராவது ஒட்டவிட்டுக் கட்டுங்கள். பிறகு கம்பிக்கு உரிய பூச்சு, சுருங்காத திருத்தச் சாந்து.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. உப்புக் கலந்த சிலாப்பில் ஓரிடத்தைத் திருத்தினால் திருத்திய இடத்தை ஒட்டியுள்ள பகுதி முன்பை விட வேகமாகக் கறள் பிடிக்கும். மேசன் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்காதீர்கள், அது மின்வேதியியல். அப்படியான வீட்டில் துண்டு துண்டாகத் திருத்திக் காசைக் கரைப்பதா, சிலாப்பையே மாற்றுவதா என்று பொறியியலாளரோடு இருந்து பேசுங்கள்.

மேல்மாடி கட்டுவோம் என்று தூணின் மேல் நீட்டி விட்ட கம்பிகளும் இதே கதைதான். கட்ட இன்னும் பத்து வருடம் ஆகும் என்றால் மெலிந்த கலவையில் மூடிவிடுங்கள். தயிர்ச் சட்டியைக் கவிழ்த்து வைப்பது உதவாது.

மாரியில் ஒழுக்கு, கீழே வெள்ளை உப்புப் போலப் படிவு

1978 நவம்பர் சூறாவளியில் கூரை பறந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மொட்டைச் சிலாப் மேல் ஆசை இருப்பது நியாயம். ஆனால் சிலாப் காற்றுக்குத்தான் மருந்து, தண்ணீருக்கு அல்ல.

அந்த வெள்ளைப் படிவு உப்பு அல்ல. கொங்கிறீட்டுக்குள் புகுந்த தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து வெளியே படிய விடுகிறது. ஆகவே அது வழியின் வரைபடம். ஒரு கோட்டில் இருந்தால், முதல் நாள் நிறுத்தி மறுநாள் தொடங்கிய மூட்டு. புள்ளியாக இருந்தால், குழாய் இறங்கும் துவாரம் அல்லது சரியாக இறுக்காததால் கல்லுக்கிடையே வெற்றிடம் விழுந்த கல்கூடு. பரவலாக இருந்தால், மேலே தண்ணீர் தேங்குகிறது. மேலே போய், தண்ணீர் வடியும் வாயைச் சாக்கால் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தொய்வுப் பிரச்சினை உள்ள சிலாப்பில் இதைச் செய்யாதீர்கள். இரண்டு அங்குலம் என்றால் சதுர மீற்றருக்கு 50 கிலோ.

கீழிருந்து பூசி ஒழுக்கை அடைக்க முடியாது. மேலே சரிவு கொடுங்கள், நூற்றுக்கு ஒன்றாவது, எண்பதுக்கு ஒன்று என்றால் நல்லம். மூட்டையும் துவாரத்தையும் வெட்டி அடைத்து, பிறகு நீர்காப்புப் பூச்சு. காயாத சிலாப்பில் அடித்த பூச்சு கொப்புளிக்கும். சித்திரை வெயிலில் அடியுங்கள், கார்த்திகையில் அடிக்காதீர்கள்.

நடந்தால் அதிர்கிறது

பிள்ளைகள் ஓடினால் ஷோகேஸில் கண்ணாடிச் சாமான் கிலுங்கும். வெடிப்பு ஏதும் இல்லை என்றால் பலக்குறைவு அல்ல, விறைப்புக் குறைவு. மேலே சொன்ன இடைத்தூரக் கணக்குக்குத் திரும்பிப் போங்கள். நடுவில் ஒரு பீமோ சுவரோ கொடுத்தால் அடங்கும்.

பொறியியலாளரைக் கூப்பிடும்போது

வெடிப்பின் படம், அதன் பக்கத்தில் ஒரு அளவு நாடா, அறையின் நீள அகலம், தடிப்பு, எந்த மாதம் போட்டது, எத்தனையாம் நாள் முட்டு எடுத்தது. இவ்வளவையும் அனுப்பினால் வெறும் கையோடு வந்து பார்ப்பதை விட நல்லம். கொங்கிறீட் போடும் முன் எடுத்த கம்பிப் படம் இருந்தால் அதுதான் தங்கம். "அதெல்லாம் இல்லையே" என்று சொல்லுவீர்கள். வெளிநாட்டுக் காசில் எழும்பிய வீடு என்றால் கட்டாருக்கோ சவூதிக்கோ மகனிடம் கேட்டுப் பாருங்கள். களுவாஞ்சிகுடியில் ஒரு பல்கனிக்கு அப்படித்தான் விடை கிடைத்தது. "வாப்பா" என்றோ "அப்பா" என்றோ தொடங்கும் அந்த வட்ஸ்அப் உரையாடலில் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனால், சிலாப் போட்ட அன்று காலை ஆறரை மணிக்கு அனுப்பிய படம் கிடக்கும். அந்தப் படத்தில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பல்கனிக் கம்பிக்குக் கீழே செயார் தெரிகிறதா?